ஒன்பதாவது அம்பு

பல் டாக்டர் காலையில் சைக்கிளில் கிளம்பியபோது இரண்டு காலிலும் ஷூ இருந்தது. திரும்பி வந்தபோது ஒரு காலில்தான் இருந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சைக்கிளை ஓட்டி வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார். முன்சக்கரம் வளைந்து எட்டுப் போட்டது.

"ஐயையோ! என்ன டாக்டர் இது?" என்று அம்மா கடைக்குள்ளிருந்து ஓடி வந்தார்.

"எல்லாம் என் தப்புதாம்மா. வேடிக்கை பாத்துக்கிட்டே ஓட்டினேன், ஆத்துக்குள்ள போய்ட்டேன். சரி, வந்ததுதான் வந்தோம்னு மீனுக்கெல்லாம் பல் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரேன்."

அம்மா சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. வளைந்த சக்கரத்தைக் கழற்றி, கம்பிகளை ஒவ்வொன்றாக இறுக்கத் தொடங்கினார்.

தரையில் உட்கார்ந்து செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த வண்டு, டாக்டரின் முழங்காலைப் பார்த்தாள். அதில் அப்பியிருந்தது சிவப்பு மண். ஆற்றங்கரை முழுக்கக் கறுப்பு மண். சிவப்பு மண் ஒரே ஓர் இடத்தில்தான் உண்டு.

அவளுக்கு வயது பதினொன்று. எப்போதும் ஏதாவது முணுமுணுத்தபடி சைக்கிளில் சுற்றிக்கொண்டே இருப்பதால் வண்டு என்று பெயர் வந்தது. பெயர் வைத்தவன் அவளுடைய அண்ணன்.

அவர்களுடைய சைக்கிள் கடை, ஊரின் கடைசித் தெருவில் கடைசிக் கட்டடம். கடைக்குப் பின்னால் ஆறு. ஆற்றைத் தாண்டிக் காடு. காட்டுக்குப் பின்னால் உயரமில்லாத மலைகள். மலைப்பாதையில் ஓட்டுவதற்கென்றே தடித்த டயர் போட்ட சைக்கிள்களை அப்பா வாடகைக்கு விடுவார். பழுது பார்ப்பதும் அவர்தான். யார் எப்போது எடுத்தார், எப்போது திருப்பினார் என்று எழுதுவதும், தலைக்கவசம் கொடுப்பதும், ஊர்க்கதை பேசுவதும் அம்மா.

வாடகைக்கு எடுப்பவர்கள் ஓட்டும் பாதைக்கு ஆற்றுவழி என்று பெயர். அதை அண்ணன்தான் உண்டாக்கினான். ஒரு விடுமுறை முழுக்கப் புதர் வெட்டி, கல் புரட்டி, பதினான்கு கிலோமீட்டர் தூரத்துக்குப் பாதை கண்டுபிடித்தான். வழி பிரியும் இடங்களில் எல்லாம் பாறையிலோ மரத்திலோ மஞ்சள் பெயின்ட்டில் அம்புக்குறி போட்டான். மொத்தம் முப்பத்தொன்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண் எழுதினான். வழி தெரியாமல் நிற்பவர்கள் கடைக்குப் போன் செய்து எண்ணைச் சொன்னால் போதும்.

"பதினேழா? அப்படியே அந்த மூங்கிலுக்குப் பின்னாடி பாருங்க, பாதை ஒளிஞ்சிக்கிட்டிருக்கும்" என்பான்.

போன வருடம் மழைக்காலத்தில் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் இருந்தான். வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது.

அதற்குப் பிறகு அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார். வீட்டில் சத்தமே இல்லாமல் போய்விடக் கூடாது என்று அம்மா பேச்சைக் கூட்டிக்கொண்டார். அண்ணனைப் பற்றி மட்டும் இருவருமே பேசுவதில்லை. அப்பா ஆற்றுவழிப் பக்கமும் போவதில்லை. அவருடைய சைக்கிள் காற்று இறங்கிப்போய்ச் சுவரில் சாய்ந்து நின்றது.

டாக்டர் கிளம்பும்போது வண்டு வாசல்வரை கூடவே போனாள்.

"டாக்டர் மாமா, நீங்க விழுந்தது ஒன்பதாவது அம்புகிட்டயா?"

டாக்டர் நின்றார். கடைப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அம்பு காட்டின பக்கம் பாதையே இல்லம்மா. மழையில கரை அப்படியே சரிஞ்சு போயிருக்கு. நான் மெதுவா ஓட்டுற ஆளு, தப்பிச்சேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அப்பாகிட்ட சொல்லாதே. பையன் போட்ட குறி. அது தப்புன்னு நான் எப்படிப் போய்ச் சொல்லுவேன்?"

வண்டு தலையாட்டினாள். ஆனால், அன்று சாயங்காலம் அம்மா போனில் பேசியது அவள் காதில் விழுந்தது.

"பரீட்சை லீவுலதானே சார், புதன்கிழமை? எட்டுப் பிள்ளைங்களா? தாராளமாக் கூட்டிட்டு வாங்க. ஒண்ணும் பயமில்ல, வழி முழுக்க அம்பு இருக்கு. அதைப் பாத்துப் போனாலே போதும்."

*

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வண்டு தன் சைக்கிளை எடுத்தாள்.

"தண்ணிகிட்ட போகாதே. பாறை மேல ஏறாதே. நாய் துரத்தினா ஓடாதே..." என்று அம்மா வரிசையாகச் சொன்னார்.

"வேற என்ன பண்ணலாம்னு சொல்லும்மா, அதை மட்டும் பண்றேன்."

"போக்கிரி! சீக்கிரம் வந்து சேர்."

ஒன்பதாவது அம்பு மூன்று கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. அங்கே பாதை ஒரு சரிவில் இறங்கும். சரிவு முடியும் இடத்தில் ஆள் உயரப் பாறை ஒன்று. பாறைக்கு இடது பக்கம் ஆற்றங்கரைப் பாதை. வலது பக்கம் மரங்களுக்குள் ஏறும் பழைய ஒற்றையடிப் பாதை.

பாறையில் மஞ்சள் அம்பு பளிச்சென்று இருந்தது. அண்ணன் இடது கையால் எழுதுபவன். அதனால் அவன் போட்ட அம்புகளின் வால் எல்லாம் கொஞ்சம் கோணலாக இருக்கும். இதுவும் அப்படித்தான். அம்பு இடது பக்கம் காட்டியது.

வண்டு சைக்கிளை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் நடந்து பார்த்தாள்.

பத்தடியில் பாதை முடிந்துபோனது. யாரோ கடித்துத் தின்றதுபோல் கரை காணாமல் போயிருந்தது. சிவப்பு மண்ணிலிருந்து வேர்கள் தொங்கின. கீழே ஆறு சுழித்து ஓடியது. டாக்டரின் இன்னொரு ஷூ ஒரு வேரில் மாட்டிக்கொண்டு தண்ணீரில் ஆடியது. வேறு நேரமாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

காய்ந்த கிளைகளை இழுத்து வந்து பாதையின் குறுக்கே போட்டாள். 'இது போதும். அம்பைத் தொட வேண்டாம்' என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது மேலே சரசரவென்று சத்தம் கேட்டது. சிவப்புத் தலைக்கவசம் போட்ட ஒருவர் சரிவில் வேகமாக இறங்கி வந்தார். அம்பைப் பார்த்தார். இடது பக்கம் திருப்பினார்.

"நில்லுங்க! நில்லுங்க!" என்று வண்டு தொண்டை கிழியக் கத்தினாள்.

அவர் பிரேக்கை அழுத்தினார். சைக்கிள் கிளைகளை நொறுக்கித் தள்ளிக்கொண்டு சறுக்கியது. முன்சக்கரம் கரையின் விளிம்பில் போய் நின்றது. நாலைந்து மண்ணாங்கட்டிகள் உருண்டு தண்ணீரில் விழுந்தன.

அவர் மெல்ல இறங்கிக் கீழே எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அடுத்த நிமிடம் கோபம் வந்தது.

"எவன் இந்த அம்பைப் போட்டான்? அறிவிருக்கா அவனுக்கு?"

வண்டுவுக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

"எங்க அண்ணன்."

"எங்க அவன்? கூப்பிடு. நாலு கேள்வி கேக்கணும்."

"வரமாட்டான்."

"ஏன் வரமாட்டான்? பயமா?"

வண்டு திரும்பிக்கொண்டாள். பாறையையே பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்த அந்த மனிதருக்கு எப்படியோ புரிந்துவிட்டது. தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தெரியாம கேட்டுட்டேன் பாப்பா. நீ கத்தலைன்னா நான் இன்னிக்கு..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

வண்டு பாறையடியில் உட்கார்ந்து அழுதாள். அண்ணனை யாரும் திட்டி அவள் கேட்டதே இல்லை. பரீட்சையில் கணக்கில் கோட்டைவிட்டபோதுகூட அம்மா, "போகட்டும் விடு, பையன் பாவம்" என்றுதான் சொன்னார். இனிமேல் இந்த இடத்தில் விழுகிறவர்கள் எல்லாம் அவனைத் திட்டுவார்கள். அவனால் பதில் சொல்லக்கூட வரமுடியாது.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போனாள். துரு எடுக்கும் கம்பி பிரஷையும், ஒரு சிவப்புத் துணியையும் யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

முதலில் வால். கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தாள். பெயின்ட் லேசில் போகவில்லை. அண்ணன் இரண்டு கோட்டிங் அடித்திருந்தான். எதையும் அரைகுறையாகச் செய்யாத ஆள்.

"கோவிச்சுக்காதேண்ணா" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தாள். "நீ போட்டப்ப சரியாத்தான் இருந்துச்சு. ஆறுதான் மாறிப்போச்சு."

கை வலித்தது. விரல்களில் மஞ்சள் தூள் ஒட்டிக்கொண்டது. வெயில் தலைக்கு மேல் வந்தபோது பாறையில் ஒரு வெளிறிய தழும்பும், ஒன்பது என்ற எண்ணும் மட்டும் மிச்சம் இருந்தன. எண்ணை அவள் தொடவில்லை.

கிளைகளை மறுபடியும் இழுத்து, இந்த முறை பாறைக்குப் பக்கத்திலேயே குவித்து, உச்சியில் சிவப்புத் துணியைக் கட்டினாள். பிறகு வலது பக்கத்துப் பழைய பாதையில் ஏறிப் பார்த்தாள். அது மேட்டைச் சுற்றிக்கொண்டு போய், பத்தாவது அம்புக்குப் பக்கத்தில் இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால், பாதி வழியில் ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. தள்ளிப் பார்த்தாள். அது அசையவே இல்லை.

இதற்கு அப்பா வேண்டும்.

*

அப்பா கடை வாசலில் டாக்டருடைய சக்கரத்தைச் சுழலவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டு பிரஷை இருந்த இடத்தில் வைக்கப் போனாள். அப்பா அவள் கையைப் பார்த்துவிட்டார்.

"இதென்ன விரல்ல மஞ்சள்?"

வண்டு கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அண்ணனோட அம்புக்கெல்லாம் மறுபடி பெயின்ட் அடிச்சியா?" அப்பாவின் முகத்தில், ஒரு வருடமாக இல்லாத ஏதோ ஒரு வெளிச்சம் எட்டிப் பார்த்தது. "ரொம்ப மங்கிப்போச்சா?"

வண்டு அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். இப்போது சொல்லவில்லை என்றால் எப்போதும் சொல்ல முடியாது.

"இல்லப்பா. ஒண்ணை அழிச்சிட்டேன்."

சக்கரம் தானாகச் சுற்றி நின்றது.

"எதை?"

"ஒன்பதாவதை."

"யாரைக் கேட்டு அழிச்சே?" அப்பா எழுந்துவிட்டார். "எப்படி மனசு வந்துச்சு உனக்கு? அவன் கையால போட்டதும்மா அது! நமக்குன்னு மிச்சம் இருக்கறதே அதுதானே!"

சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்தார்.

வண்டு எல்லாவற்றையும் சொன்னாள். கரை சரிந்தது, டாக்டர் சொல்ல வேண்டாம் என்றது, சிவப்புத் தலைக்கவசக்காரர் விளிம்பில் போய் நின்றது, பழைய பாதையில் மரம் விழுந்து கிடப்பது.

"அவர் அண்ணனைத் திட்டினார்ப்பா. அறிவிருக்கான்னு கேட்டார். புதன்கிழமை எட்டுப் பிள்ளைங்க வராங்க. அவங்கள்ல யாராவது விழுந்தா எல்லாரும் அண்ணனைத்தானே திட்டுவாங்க? அதான் அழிச்சேன்."

அப்பா திரும்பினார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மா வண்டுவின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து, "கையை நீட்டு" என்றார்.

"இன்னிக்கு வேண்டாம்மா. இப்படியே இருக்கட்டும்."

அம்மா அந்த மஞ்சள் விரல்களைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்து வைத்துக்கொண்டார்.

*

திங்கட்கிழமை காலையில் புஸ் புஸ் என்று ஒரு சத்தம் வண்டுவை எழுப்பியது. அப்பா தன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். தோளில் ரம்பம் தொங்கியது.

"வா. எனக்குக் காட்டு" என்றார். அவ்வளவுதான்.

இருவரும் கிளம்பினார்கள். ஒவ்வோர் அம்பைக் கடக்கும்போதும் அப்பாவின் சைக்கிள் கொஞ்சம் மெதுவாகும். பிறகு மறுபடி வேகம் எடுக்கும். ஒன்று, இரண்டு, மூன்று... எட்டு.

ஒன்பதாவது பாறையில் அப்பா இறங்கினார். தழும்பின்மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். பிறகு கிளைகளைத் தாண்டிப் போய், கரை இருந்த இடத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்து, வண்டு உட்கார்ந்து அழுத அதே இடத்தில் உட்கார்ந்தார். அவர் தோள்கள் குலுங்கின.

அப்பா அழுது வண்டு பார்த்ததில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"உங்க அண்ணன் இங்க வலது பக்கம்தான் போடணும்னான்" என்றார் அப்பா. "'அப்பா, இந்த மண்ணு நிக்காதுப்பா, மேல சுத்திப் போலாம்'னு தலைதலையா அடிச்சுக்கிட்டான். நான்தான் கேக்கல. ஆத்தை ஒட்டிப் போனாத்தான் வரவங்களுக்குப் பிடிக்கும்னு சொல்லி, இடது பக்கம் போட வெச்சேன். அவன் சரியாத்தான் சொன்னான்."

ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"அந்த ஆள் திட்டினது அவனை இல்ல. என்னைத்தான். நானே வாங்கிக்கிறேன்."

வண்டு அப்பாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"மரம் ரொம்பப் பெரிசுப்பா" என்றாள்.

அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார். "எவ்வளவு பெரிசுன்னு பாப்போம்."

பெரியதுதான். நடுப்பகல்வரை அறுத்தும் பாதிதான் ஆனது. சாப்பாட்டு வேளைக்கு, மூச்சு வாங்கிக்கொண்டு அம்மா நடந்தே வந்து சேர்ந்தார். ஒரு கையில் சாப்பாட்டுப் பை. இன்னொரு கையில் மஞ்சள் பெயின்ட் டப்பா.

"கடை?" என்றார் அப்பா.

"பூட்டிட்டேன். மூணு கிலோமீட்டர்னு சொன்னீங்க. என் கால் ஆறுன்னு சொல்லுது."

மூவரும் சேர்ந்து தள்ளியபோது அறுத்த மரத்துண்டு உருண்டு ஓரமாகப் போனது. இரண்டு நாள் வேலை. முள்ளை வெட்டினார்கள், கல்லைப் பொறுக்கினார்கள். முதலில் அப்பா புதுப்பாதையில் ஓட்டிப் பார்த்தார். அப்புறம் வண்டு ஓட்டினாள். அம்மா, "நான் ஓட்டினா பாதை தாங்காது" என்று சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மாலை அப்பா பிரஷை வண்டுவிடம் கொடுத்தார்.

"நானா? நீங்க போடுங்கப்பா."

"அழிச்சது நீதானே. நீயே போடு."

ஒன்பது என்ற எண்ணுக்குப் பக்கத்தில், தழும்புக்கு மேலேயே, வண்டு ஓர் அம்பு வரைந்தாள். அது வலது பக்கம் காட்டியது. வாலிலிருந்து பெயின்ட் மூன்று கோடாக வழிந்தது.

அம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தார். "அம்பா இது? மீன் மாதிரி இருக்கே."

"எந்தப் பக்கம் போகணும்னு தெரியுதில்ல?"

"அது நல்லாத் தெரியுது" என்றார் அப்பா.

*

புதன்கிழமை எட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். அவர்களுடைய விளையாட்டு ஆசிரியர் முன்னால் போக, ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பினார்கள். காடு அவர்களை விழுங்கிக்கொண்டது.

அம்மா அன்று எதை எழுதினாலும் அடித்துவிட்டு இரண்டாம் முறை எழுத வேண்டியிருந்தது. அப்பா ஒரே நட்டை மூன்று முறை முடுக்கினார். வண்டு சாலையோரக் கல்லில் ஏறி நின்றாள்.

பன்னிரண்டு மணிக்கு ஆசிரியர் வந்தார். பின்னாலேயே ஒன்று, இரண்டு, மூன்று என்று பிள்ளைகள் வந்தார்கள். முகமெல்லாம் சேறு, வாயெல்லாம் பல். வண்டு எண்ணினாள். ஏழு.

"கடைசியா போன பொண்ணு எங்க?" என்று அம்மா கேட்டார்.

"பின்னாடியே வந்தாளே!" ஆசிரியர் திரும்பிப் பார்த்தார்.

அப்பா ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சாலைக்கு வந்தார். ஒரு நிமிடம் போனது. இன்னொரு நிமிடம் போனது. அப்பாவின் கை வண்டுவின் தோளில் இறுகியது.

பிறகு மரங்களுக்கு நடுவில் ஒரு நீலச் சட்டை தெரிந்தது. அந்தச் சின்னப்பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையெல்லாம் கறுப்பு.

"செயின் கழண்டுடுச்சு" என்றாள் உதட்டைப் பிதுக்கி. "மாட்டிப் பாத்தேன், வரல."

அப்பா அவள் முன் மண்டியிட்டார். செயினை மாட்ட அவருக்கு ஐந்து நொடிதான் ஆகும். அன்று ஏனோ அதிக நேரம் ஆனது. குனிந்த தலையை அவர் நிமிர்த்தவே இல்லை.

"தனியா வந்தியே, பயந்துட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா. வழி தெரிஞ்சுதே."

சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு, கடைக்குப் பின்னால் எல்லாச் சைக்கிள்களையும் வரிசையாக நிறுத்திக் கழுவினார்கள். அம்மா தண்ணீர் ஊற்றினார். அப்பாவும் வண்டுவும் துணியால் தேய்த்தார்கள்.

"உங்க அண்ணன் முதல் அம்பு போட்ட அன்னிக்கு என்ன நடந்துச்சு தெரியுமா?" என்றார் அப்பா திடீரென்று.

அம்மாவின் கையில் வாளி அப்படியே நின்றது.

"டப்பா மூடி திறக்கல. பல்லால கடிச்சு இழுத்திருக்கான். மொத்த டப்பாவும் மூஞ்சியில! வீட்டுக்கு வந்து நின்னான் பாரு, ரெண்டு கண்ணைத் தவிர மத்ததெல்லாம் மஞ்சள்."

"நான் யாரோன்னு நெனச்சுக் கதவைச் சாத்திட்டேன்!" என்றார் அம்மா. சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம் காதுல ஒட்டின பெயின்ட் போகவே இல்ல, ஒரு வாரம் ஆச்சே, அதைச் சொல்லுங்க" என்றார்.

வண்டு இதையெல்லாம் கேட்டதே இல்லை. அப்பா சொல்லிக்கொண்டே போனார். அவள் கடைசிச் சைக்கிளின் சக்கரத்தை, ஒவ்வொரு கம்பியாக, மெள்ள மெள்ளத் துடைத்தாள். அப்பா பேசி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடக் கூடாது.